அமாவாசைச் சிப்பாய்

ஆரணி,
30-11-2024, அமாவாசை

அன்புள்ள திலகா,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வாட்ஸப்பில் நீல டிக் விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால் தபாலாபீஸுக்குப் போய் ஒரு கவர் வாங்கி வந்தேன். கவுன்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கோர்ட் நோட்டீஸாக்கா?" என்று கேட்டாள். இல்லம்மா, நாத்தனாருக்குக் கடிதம் என்றேன். இரண்டும் ஒன்றுதான் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தாள்.

இன்றைக்கு அமாவாசை, தறிக்கு விடுமுறை. தெருவில் ஒரு தறிச் சத்தம் இல்லை, மழைச் சத்தம் மட்டும்தான். உன் அண்ணன் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். நீயும் நானும் செஸ் பலகையை விரித்துக்கொண்டு உட்கார வேண்டிய நேரம். நான் விரித்துவிட்டேன். கருப்பு என் பக்கம். வெள்ளை ஆடத்தான் ஆள் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தம்பி விக்னேஷுக்கு நிச்சயம் முடிந்தது. பெண் சந்தவாசல், பெயர் தமிழ்ச்செல்வி. தை இருபத்தெட்டு முகூர்த்தம். உன் அண்ணன் சொன்னபோது நீ "பார்க்கலாம்" என்றாயாம். கல்யாணத்துக்குப் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நானும் நாலு பேருக்குச் சொன்னவள்தானே. தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான், மற்ற இரண்டும் அக்கா கையால் விழ வேண்டும். அவனுக்கு அக்கா நீ ஒருத்திதான். நீ வராவிட்டால் பெரியப்பா மகள் லீலாவைத்தான் நிறுத்த வேண்டும் என்று அத்தை சொல்லிச் சொல்லி அழுகிறார்.

ஆடி அமாவாசையன்று என்ன நடந்தது? உன் வீட்டுக்காரர் வெள்ளை ஆடினார். அமாவாசை ஆட்டத்தில் நான் எப்போதும் பலி கொடுக்கும் சிப்பாயை, நம் அமாவாசைச் சிப்பாயைக் கொடுத்தேன். அவர் எடுத்தார், தோற்றார், நான் சிரித்தேன். சாப்பிடக்கூட இல்லாமல் இரண்டு பேரும் கிளம்பிவிட்டீர்கள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை: "அது ஆட்டமே இல்ல அண்ணி, ஏமாத்து. அந்தச் சிப்பாயைச் சும்மா குடுக்கறது தப்பு. ஆடத் தெரிஞ்சவங்ககிட்ட நடக்காது."

சரி, நிரூபி. வெள்ளை ராஜா சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறது, நானும் அப்படியே தள்ளுகிறேன். வெள்ளை குதிரையைக் கிளப்பி என் சிப்பாயை மிரட்டுகிறது. உலகத்தில் எல்லோரும் அந்தச் சிப்பாயைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். நான் அதைக் காப்பாற்றாமல், பக்கத்திலிருக்கும் ராணி சிப்பாயையும் இரண்டு கட்டம் தள்ளி, "இந்தா, இதையும் எடுத்துக்கோ" என்கிறேன். இது தப்பு என்று கடிதத்திலேயே காட்டிவிட்டால், கல்யாணத்துக்கு வா என்று இனி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். லீலாவே முடிச்சுப் போடட்டும். காட்ட முடியாவிட்டால் நீ வந்து போட வேண்டும். போனில் செஸ் ஆப்பில் போட்டுப் பார்த்தால் ஒரு நொடியில் சொல்லிவிடும், அதனால் போன் கூடாது. உன் மூளையும் என் மூளையும் மட்டும்.

உன் அண்ணி,
ஹேமலதா


ஓசூர்,
6-12-2024

அண்ணிக்கு,

பந்தயத்துக்குச் சம்மதம், ஜெயிக்கப் போவது நான் என்பதால்.

நீங்கள் கொடுக்கிற சிப்பாயை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் வழக்கம்போல உங்கள் ராஜா சிப்பாயை இன்னும் ஒரு கட்டம் தள்ளி என் குதிரையைத் துரத்துவீர்கள். ஆடியில் அவர் பயந்து குதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் ஓட மாட்டேன். என் ராணியை என் ராஜாவுக்கு நேர் முன்னால் கொண்டுவந்து வைப்பேன். இப்போது உங்கள் சிப்பாய் என் குதிரையைத் தொட முடியாது, நகர்ந்தால் பின்னால் நிற்கும் உங்கள் ராஜாவுக்குச் செக். அடுத்த நகர்வில் என் சிப்பாய் வந்து உங்கள் சிப்பாயைத் தின்னப் பார்க்கும். பதில் சொல்லுங்கள்.

இன்னொன்று. நீங்கள் சிரித்ததற்காக நாங்கள் கிளம்பவில்லை. ஆரணி வீட்டில் தோற்றவரைப் பார்த்துச் சிரிக்காமல் என்றைக்கு இருந்திருக்கிறோம்? சிரித்துவிட்டு நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "இன்னா அண்ணா, சும்மா குடுத்தா வாங்கிக்கினு போயிடுவீங்களா? இப்படி இருந்தா கம்பெனியில உங்கள எப்படி வெச்சிகினு இருக்காங்க?"

அவரை யாரும் வைத்துக்கொண்டிருக்கவில்லை. ஆனி மாதமே அனுப்பிவிட்டார்கள். இதை அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அம்மாவிடம் சொன்னால் உங்களிடம் சொன்ன மாதிரிதான் என்று எனக்குத் தெரியும். ஊரே உட்கார்ந்திருக்கும்போது தெரிந்தே கேட்டீர்கள். பஸ்ஸில் வேலூர் வரும் வரை அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். வேலூரில் டீ வாங்கிக் கொடுத்தேன், கையில் வைத்திருந்தே ஆற விட்டார்.

திலகவதி


ஆரணி,
11-12-2024

என் திலகா,

உன் கடிதத்தை டிசைன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படித்தேன். ஒரு முந்தானை மயிலுக்குப் பாதிக் கழுத்து போட்டிருந்தேன். அது இன்னும் பாதிக் கழுத்தோடுதான் நிற்கிறது.

எனக்குத் தெரியாது. உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்வேன், நீதான் எட்டாத தூரத்தில் இருக்கிறாய். நேராக அத்தையிடம் போனேன். "மாப்ளைக்கு வேலை போனது உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "திலகா யார்கிட்டயும் சொல்லாதன்னா. மாப்ள மானம்டி. அதான் வாயத் திறக்கல." திலகா, உன் அம்மா வாழ்நாளில் காப்பாற்றிய ஒரே ரகசியம் இதுதான். காப்பாற்றவே கூடாத ரகசியமாகப் பார்த்துக் காப்பாற்றியிருக்கிறார். நான் சிரிக்கவா, தலையில் அடித்துக்கொள்ளவா?

இந்தக் கடிதத்தைத் தென்னரசு அண்ணாவிடம் காட்டு. தெரிந்திருந்தால் அந்த வார்த்தையை என் நாக்கு சொல்லியிருக்காது என்று சொல். சிரித்தது சிரித்ததுதான், அதை எல்லார் எதிரிலும் செய்தேன். இதை நான் மறக்க மாட்டேன்.

உன் அண்ணன் உள்ளே வந்து, "இன்னா, நாத்தனாரும் அண்ணியும் போஸ்ட்டுல சண்டை போட்டுகினு இருக்கீங்களா? போன்ல போட்டா ஜல்தியா முடிஞ்சிடுமே" என்றார். அதனால்தான் போஸ்ட் என்றேன். அவருக்குப் புரியவில்லை. முள்ளிப்பட்டுத் தறிக்குப் பாவு நூல் கொடுக்கப் போய்விட்டார். தமிழ்ச்செல்விக்கு முகூர்த்தப் புடவை அங்கேதான் தறியில் ஓடுகிறது, அரக்குக்குப் பச்சை பார்டர்.

இப்போது ஆட்டம். ராணியை முன்னால் வைத்தாயா, நல்லது. இந்த நகர்வு எனக்குப் புதுசு, ஒப்புக்கொள்கிறேன். நான் பக்கத்துச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி முன்னால் நிற்பவனுக்கு முட்டுக் கொடுப்பேன். நீ வந்து தின்பாய், நானும் பதிலுக்குத் தின்பேன். இடையில் என் குதிரை வெளியே வந்துவிடும். நீ இன்னொரு குதிரையையும் கொண்டுவந்து என் சிப்பாயைக் குத்துவாய். அப்போது என் மந்திரி தூரத்திலிருந்து வந்து அந்தக் குதிரையை உன் ராஜாவோடு சேர்த்துக் கட்டிப்போடும். ஒரு சிப்பாய் கடன்தான், ஆனால் என் ஆட்கள் எல்லாரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். இதில் தப்பு எங்கே?

பொங்கலுக்கு முன்னால் ஊரில் பெரியவர்களுக்கு ஒரு செஸ் போட்டி வைக்கிறார்கள். பெயர் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்கு வெளியே முதல் ஆட்டம். அமாவாசைச் சிப்பாயைத்தான் ஆடப் போகிறேன்.

ஹேமலதா


ஓசூர்,
17-12-2024

அன்புள்ள அண்ணி,

கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். இப்போது ஒரு ரோஜாத் தோட்டத்தில் பூ ஏற்றுகிற வேனோடு போகிறார். சம்பளம் முன்பு மாதிரி இல்லை, ஆனால் சட்டையெல்லாம் ரோஜா வாசனை. சாயங்காலம் வந்து, "உங்க அண்ணிக்குத் தெரியாதாம்" என்றார். நான் ஆமாம் என்றேன். "அத்தை நெசமாவே சொல்லாம இருந்தாங்களா?" என்று கேட்டார். அதைத்தான் அவரால் நம்ப முடியவில்லை. உங்களுக்குத் தெரியாது என்று தெரிந்ததில் எனக்கு இத்தனை மாதமாக இருந்த பாரம் இறங்கிவிட்டது. நான் உங்களைப் பற்றி அப்படி நினைத்ததும் தப்புதான் அண்ணி.

ஒரு உண்மை சொல்ல வேண்டும். ராணியை முன்னால் வைக்கிற நகர்வு என்னுடையது இல்லை. அவருடையது. ஆடிக்குப் பிறகு எங்கள் வீட்டில் பலகையை மடிக்கவே இல்லை. வேலை இல்லாத நாட்களில் அந்த ஒரு சிப்பாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயந்தேன். நீங்கள் எழுதிய மந்திரி வரை அவர் எப்போதோ வந்துவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை மீதியையும் பிடித்துவிட்டார். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "திலகா, ஜெயிச்சிட்டேன்" என்று கத்தினார். அவர் குரல் அப்படி உயர்ந்து எத்தனையோ நாள் ஆயிற்று.

கேளுங்கள். என் ராணி குறுக்கே பாய்ந்து உங்கள் ராஜாவுக்குச் செக் சொல்கிறது. அதே ராணி உங்கள் மந்திரியையும் பார்க்கிறது. நீங்கள் சிப்பாயை வைத்துச் செக்கை மறைப்பீர்கள், நான் மந்திரியை எடுப்பேன். பதிலுக்கு நீங்கள் என் முதல் குதிரையை எடுப்பீர்கள். இதுவரை சமம். இப்போது என் மந்திரி வந்து உங்கள் குதிரையைக் கட்டிப்போடும். என் முன்சிப்பாயை நீங்கள் தின்பீர்கள், தின்னட்டும். அடுத்த நகர்வில் ராஜாவை இரண்டு கட்டம் தள்ளி, யானையை அதைத் தாண்ட வைத்து, நான் பெரிய கோட்டை கட்டிவிடுவேன், ராணி கிளம்பி வந்த பக்கம். என் ராஜா பத்திரம், யானை நடுவீதியில். உங்கள் ராஜா கோட்டை கட்டவே முடியாது, போகிற வழியை என் ராணி பார்த்துக்கொண்டிருக்கிறது. நடுவிலேயே நின்று அடி வாங்க வேண்டும்.

அமாவாசைச் சிப்பாய் தப்பு அண்ணி. பந்தயத்தில் நான் ஜெயித்துவிட்டேன். இந்த வரியைச் சந்தோஷமாக எழுதுவேன் என்றுதான் நினைத்தேன். எழுதியபின் அப்படி இல்லை.

திலகா


ஆரணி,
22-12-2024

அடியே திலகா,

பெரிய கோட்டையா? உன் ராணி பலகையில் குத்துக்கல் மாதிரி உயிரோடு நிற்கும்போது நீ எப்படிப் பெரிய கோட்டை கட்டுவாய்? சட்டத்தையே மறந்துவிட்டாயா? ராணி வெட்டுப்பட்ட பிறகுதானே அந்தப் பக்கம் கட்டலாம்! ஓசூர் தண்ணி குடித்துக் குடித்து உனக்கு நம் வீட்டு ஆட்டமே மறந்துவிட்டது.

சின்னக் கோட்டை கட்டலாம் என்றால் உன் மந்திரி ஒன்று இன்னும் வீட்டை விட்டே கிளம்பாமல் வழியில் குந்திகினு இருக்கிறது. ஆக, உன் ராஜாவும் நடுவில்தான் நிற்கிறார். நான் என் ராணியை முன்னால் கொண்டுவந்து செக் சொல்வேன். இரண்டு ராணியும் வெட்டுப்படும். பிறகு உனக்கும் எனக்கும் சரிக்குச் சரி. சிப்பாய் சரிதான் திலகா! சரி! சரி! வீட்டில் யாருக்கும் காரணம் தெரியாமல் எல்லோருக்கும் கேசரி கிண்டிக் கொடுத்தேன்.

அண்ணாவிடம் சொல், கிண்டலுக்குச் சொல்லவில்லை: அந்த ராணியின் குறுக்குப் பாய்ச்சலை நான் இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை. பலகையில் வைத்துப் பார்த்தேன், மறுபடியும் ஒரு தடவை வைத்துப் பார்த்தேன். கோட்டைச் சட்டம் மட்டும் இடிக்காமல் இருந்தால் நான் ஒழிந்தேன். அவர் சின்ன ஆள் இல்லை. ரோஜாப் பூ ஏற்றினாலும் சரி, எதை ஏற்றினாலும் சரி.

பந்தயம் பந்தயம்தான். பத்திரிகைக்கு புரூஃப் வந்திருக்கிறது. உங்கள் இரண்டு பேர் பெயரையும் நானே பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். உனக்குப் புடவை மாம்பழக் கலர், என் டிசைன். கழுத்து முடிந்துவிட்டது, மயில் இப்போது நிமிர்ந்து பார்க்கிறது.

எப்போது வருகிறாய்?

ஹேமலதா


ஓசூர்,
30-12-2024, அமாவாசை

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். ஏன் என்று இப்போது சொல்ல மாட்டேன்.

நீங்கள் சொன்னது சரி. ராணி இருக்கும்போது பெரிய கோட்டை கூடாது. அந்தச் சட்டத்தை எப்படியோ மறந்தே போய்விட்டேன். அவருக்கு நம் வீட்டுச் சட்டம் தெரியாது, அவர் மேல் தப்பில்லை. நான் தோற்றேன். கல்யாணத்துக்கு வருகிறேன், முடிச்சுப் போடுகிறேன். அவர் வருவாரா என்று தெரியவில்லை. அத்தனை பேர் முகத்தையும் மறுபடி பார்க்க வேண்டுமே என்று யோசிக்கிறார். நான் வற்புறுத்தவில்லை.

மாம்பழக் கலர் எனக்குப் பிடிக்கும் என்று உங்களுக்கு எப்படி ஞாபகம் இருந்தது?

ஒரே ஒரு வேண்டுகோள். ஊர்ப் போட்டியில் தயவுசெய்து அமாவாசைச் சிப்பாயை ஆடாதீர்கள். வேறு எதையாவது ஆடுங்கள். காரணம் கேட்காதீர்கள் அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

திலகா


ஆரணி,
15-1-2025, மாட்டுப் பொங்கல்

கள்ளி,

ஆடாதே என்று சொன்னால் நான் ஆடாமல் இருப்பேனா? அதுவும் காரணம் கேட்காதே என்று சொன்னால்?

போன ஞாயிற்றுக்கிழமை போட்டி. எனக்கு எதிரில் பெரணமல்லூர் இன்னாசிமுத்து சார், ரிட்டயர்டு வாத்தியார், வாயில் ஹால்ஸ் மிட்டாய். நான் சிப்பாயைக் கொடுத்தேன். மனுஷன் அண்ணா கண்டுபிடித்த அதே வழியில் வந்தார். ராணி முன்னால், குறுக்குப் பாய்ச்சல், எல்லாம். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே இருந்தேன், வா ராசா வா, கடைசியில் உனக்குச் சட்டம் இடிக்கும் என்று. அவர் நிதானமாக ராஜாவை இரண்டு கட்டம் நகர்த்தி, யானையைத் தூக்கி அதன் மறுபக்கம் வைத்தார். நான் அவர் கையையே பிடித்துவிட்டேன்.

"இன்னா சார் நீங்க, ராணி உயிரோட இருக்கும்போது இந்தப் பக்கம் கட்டறீங்க?"

"எந்த ஊர் சட்டம்மா இது?"

நான் நடுவரைக் கூப்பிட்டேன். நானே கூப்பிட்டேன், திலகா! ஜாய்ஸ் என்று ஒரு பெண், உன் வயசுதான் இருக்கும். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படி ஒரு ரூல் எங்கயுமே இல்லக்கா. உங்களுக்கு யார் சொன்னது?" என்றாள். "எங்க வீட்டுச் சட்டம்" என்றேன். ஹால் முழுக்கச் சிரித்தது. அதன் பிறகு அரை மணி நேரம் அடி வாங்கினேன். என் ராஜா நடுவீதியிலேயே செத்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் யோசித்தேன், உண்மையில் யார் சொன்னது? நான் கல்யாணமாகி வந்த புதுசு. ஒரு அமாவாசை. நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். நீ ஆட்டம் கற்றுக்கொடுத்த மறுமாதமே நான் உன்னை ஜெயிக்கும் நிலைக்கு வந்துவிட்டேன். யானையையும் ராஜாவையும் கையில் எடுத்தேன். நீ முகத்தைச் சுளிக்காமல், "அண்ணி, ராணி இருக்கும்போது அந்தப் பக்கம் கூடாது" என்றாய். புதுப்பெண், நாத்தனார் சொன்னால் வேதம். நம்பினேன். விக்னேஷுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன், அவன் தெருப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். பாதித் தெரு இன்றைக்கும் அந்தச் சட்டத்தில்தான் ஆடிகினு இருக்கிறது.

கோபம் வந்தது. அப்புறம் உன் போன கடிதம் ஞாபகம் வந்தது. நீ தெரிந்தே தோற்றிருக்கிறாய். அண்ணா மாதக்கணக்கில் உட்கார்ந்து கண்டுபிடித்ததையும் எனக்காகத் தூக்கிக் கொடுத்திருக்கிறாய். இது எனக்கு வேண்டாம் திலகா. அவருடையதை நான் வாங்கிக்கொள்ள முடியாது.

நேற்று பொங்கல். பெரியப்பா வீட்டார், லீலா, எல்லோரும் வந்திருந்தார்கள். ஆடியில் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தோமோ அதே இடத்தில் பலகையை விரித்தேன். கருப்பையும் வெள்ளையையும் நானே ஆடிக் காட்டினேன். "இது என் அமாவாசைச் சிப்பாய். இதைத் தென்னரசு அண்ணா உடைச்சிட்டார். அன்னிக்கு நான் அவரைப் பார்த்துச் சிரிச்சேன். இன்னிக்கு ஒரு ஹால் என்னைப் பார்த்துச் சிரிச்சாச்சு. ஜெயிச்சது அவர்" என்றேன். உன் அண்ணன் வெகுநேரம் பலகையைப் பார்த்துவிட்டு, "அப்போ இத்தனை வருசமா இந்த வீட்ல எல்லாருமே தப்பா ஆடிகினு இருந்தோமா?" என்று கேட்டார். அத்தை, "மாப்ள கெட்டிக்காரர்னு நான் அப்பவே சொன்னேன், எவ கேட்டா?" என்றார். சொல்லவே இல்லை. ஆனாலும் யாரும் மறுக்கவில்லை.

ஆகவே சிப்பாய் தப்பு. நீ ஜெயித்தாய். பந்தயப்படி இனி உன்னைக் கூப்பிட மாட்டேன். லீலாவிடம் சொல்லிவிட்டேன், அவள் இப்போதே புடவைக் கலர் கேட்கிறாள். நீ இல்லாமல் அந்த மேடையில் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. இப்படி எழுதுவதும் கூப்பிடுகிற மாதிரி ஆகிவிடும், அதனால் நிறுத்திக்கொள்கிறேன்.

ஹேமலதா


ஓசூர்,
20-1-2025

என் அருமை அண்ணி,

கடிதத்தைத் தபால்காரரிடமிருந்து வாங்கியது அவர். கவரில் என் பெயர் இருந்தும் பிரித்துவிட்டார். நான் குளித்துவிட்டு வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்து, "ஜெயிச்சது அவர்" என்கிற வரியை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். "எல்லார் எதிர்லயுமா சொன்னாங்க? பெரியப்பாவும் இருந்தாரா?" என்று என்னைக் கேட்டார், நான் என்னவோ அங்கே இருந்த மாதிரி. கொஞ்ச நேரம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு தோட்டத்துக்குப் போன் போட்டு, "சார், மச்சான் கல்யாணம், லீவு வேணும்" என்றார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை அண்ணி, சத்தியமாக.

அந்தச் சட்டத்தைப் பற்றி நான் என்ன சொல்ல? பதினேழு வயசில் புது அண்ணியிடம் தோற்றால் ஸ்கூலில் எப்படித் தலைகாட்டுவது? வாயில் வந்ததைச் சொன்னேன். நீங்கள் உடனே "ஓ, அப்படியா" என்று யானையைத் திருப்பி வைத்தீர்கள். ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. எனக்கே பாவமாகிவிட்டது. அடுத்த அமாவாசைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த அமாவாசையும் நீங்கள் ஜெயிக்கிற மாதிரி வந்தீர்கள்.

போன மாதம் நான் தோற்றது அவருக்குத் தெரியாமல் இல்லை. உங்கள் "பெரிய கோட்டையா?" கடிதத்தை அவரிடம் காட்டி, உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் கண்டுபிடித்தது, அவர்தானே முடிவு செய்ய வேண்டும். பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உங்க வீட்டு ஆட்டம், உங்க வீட்டுச் சட்டம். தோத்துட்டேன்னு எழுது. நீ போகணும்னு ஆசைப்படறது எனக்குத் தெரியாதா? நான் ஜெயிச்சது எனக்குத் தெரிஞ்சா போதும்." போதும் என்றுதான் சொன்னார். போதவில்லை என்பது எனக்குத் தெரியும். உங்கள் கடிதம் வந்த பிறகு மனுஷன் விசிலடித்துக்கொண்டு துணி மடிக்கிறார்.

இப்போது பந்தயக் கணக்கு. அமாவாசைச் சிப்பாய் தப்பு. பெரணமல்லூரில் தப்பு, ஓசூரில் தப்பு, உலகம் முழுக்கத் தப்பு. ஆனால் அம்மா வீட்டில் சரி. பந்தயம் போட்டது நீங்களும் நானும் அம்மா வீட்டில் ஆடுகிற ஆட்டத்தின் மேல். அதன்படி நான் தோற்றவள், வந்தாக வேண்டும். இல்லை, நான்தான் ஜெயித்தேன் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தால், ஜெயித்தவளை யாரும் கூப்பிடத் தேவையில்லை, அவளே வருவாள். எப்படிப் பார்த்தாலும் பஸ் ஏறுவது நாங்கள்தான்.

தை அமாவாசைக்கே வந்துவிடுகிறோம். அன்றைக்குத் தறி ஓடாது, எல்லோரும் வீட்டில் இருப்பீர்கள். அவர் வெள்ளை ஆடுவாராம். நீங்கள் அந்தச் சிப்பாயைத்தான் கொடுக்க வேண்டுமாம், வேறு எதைக் கொடுத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டாராம். பெரிய கோட்டை உண்டா இல்லையா என்பதை வீட்டுக்கு வந்து பேசி முடிவு செய்யலாம். எனக்கு அந்தச் சட்டத்தை எடுத்துவிட மனசில்லை.

லீலாவிடம் சொல்லிவிடுங்கள் அண்ணி. அவள் எந்தக் கலர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். மாம்பழக் கலர் என்னுடையது. அந்த இரண்டு முடிச்சும் என்னுடையவை.

உங்கள்,
திலகா